சிமிலர் இருக்கு, சேம் இல்லை

என் அருமை வனிதாக்கா,

நல்லா இருக்கியா என்று கேட்கத்தான் கை போகிறது. அதைக் கேட்க வழியில்லை என்பதால் நேராகச் சண்டைக்கே வந்துவிடுகிறேன். உன் மேல் எனக்குக் கோபம். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்து வர வேண்டாமா? ஆஸ்பத்திரியில் ஒரு வாரம்கூடக் கிடக்கவில்லை. ‘பாப்புவுக்கு முட்டை வேக வெச்சுக் குடு’ என்று என்னிடம் சொன்னாய். அதற்கப்புறம் பேசவே இல்லை. கூட நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் இந்த ஒரு வருஷமாக என்னை இப்படிப் போட்டு வதைத்திருக்க மாட்டார்கள்.

வருஷப் படையல் முடிந்தது. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, யாருக்கும் தெரியாமல் அலமாரியில் ஒளித்துவைத்துத் தின்பாயே அந்த ஆரஞ்சு மிட்டாய், எல்லாம் இலையில் வைத்தோம். குழம்பில் உப்பு தூக்கல். நீ சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், வைத்தது நான்தான்.

மயிலாப்பூரில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம் இன்னும் மூடவில்லை. லஸ் பக்கம் போவதற்கு ஊரைச் சுற்ற வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி, மாடிப்படி இறங்கும்போது கவர்ன்மெண்டையும் உன்னையும் சேர்த்துத் திட்டுகிறாள். நான் இன்னும் தி.நகரில் அதே மேட்சிங் சென்டரில்தான் ஜாக்கெட் துணி கிழித்துக்கொண்டிருக்கிறேன். உன் கவுன்ட்டரில் ஒரு புதுப் பெண் நிற்கிறாள், நல்ல பெண்தான். ஆனால் பாண்டி பஜாரில் வெள்ளரிக்காய் வாங்கித் தின்றுகொண்டே பஸ்ஸுக்கு நடக்க அவளுக்குப் பிடிக்காதாம்.

இதை நான் உனக்கு மட்டும் ரகசியமாக எழுதவில்லை. நாலு பேர் படிக்கட்டும். நம் ஹவுசிங் போர்டு மாடிப்படியில் என்னைப் பற்றி ரெண்டு விதமாகப் பேச்சு ஓடுகிறது. உன் வீட்டுக்காரர், மாமாவைப் பற்றியும் ஓடுகிறது. அவர்கள் பேசுவதற்கு நான் பேசினால் என்ன என்று தோன்றிவிட்டது.

படிக்கிறவர்களுக்குக் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நீ பொறுத்துக்கொள். எங்கள் கடையில் சேம் வேறு, சிமிலர் வேறு. வருகிறவர்கள் பையிலிருந்து புடவையை எடுத்து மேஜையில் போட்டு, ‘சேம் கலர் குடும்மா’ என்பார்கள். வெங்காயத்தோல் நிறமோ மாந்துளிர் நிறமோ ஏதோ ஒன்று, அது அன்றைக்கு எங்களிடம் இருக்காது. இல்லை என்று வாயைத் திறந்தால் சூப்பர்வைசர் அண்ணன் முறைப்பார். ‘சிமிலர் இருக்கு மேடம்’ என்றுதான் சொல்ல வேண்டும். அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று பாப்புவின் மிஸ்ஸிடம் ஒருநாள் கேட்டேன். ஒத்திருப்பது, அதைப் போலவே இருப்பது என்றார். கடையில் அதற்கு அர்த்தம் அது இல்லை. நீங்கள் கேட்டது இங்கே கிடையாது, ஆனால் வெறுங்கையோடு போகாமல் இதை எடுத்துக்கொண்டு போங்கள் என்று அர்த்தம்.

நீ அந்த வார்த்தையில் கில்லாடி. ‘சிமிலர்தான் மேடம், கட்டிக்கினு நின்னா ஒருத்தருக்கும் தெரியாது’ என்று தெத்துப்பல் தெரியச் சிரிப்பாய். அவர்களும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். எனக்கு அது வரவே வராது. துணியையும் புடவையையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவேன். கடைக்குள் டியூப் லைட்டில் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். வெயிலில் பிடித்தால் ஒன்று லேசாகச் சிவப்படிக்கும், இன்னொன்று நீலமடிக்கும். இது வேற, அது வேற, பரவால்லன்னா எடுத்துக்குங்க என்று சொல்லிவிடுவேன். பாதிப் பேர் எடுக்காமல் போவார்கள். உன்னை வைத்துக்கொண்டு கடை நடத்தினால் ஷட்டரை இழுத்துவிட வேண்டியதுதான் என்று நீ தலையில் அடித்துக்கொள்வாய்.

பார், முகம் மட்டும்தான் நமக்கு ஒன்று. வாய் வேறு, நடை வேறு, குணம் சுத்தமாக வேறு. ஆனால் முகத்தைப் பார்த்த ஜனம் அதோடு நிறுத்திக்கொள்ளும். சின்ன வயதில் என்னை யாரும் ரேகா என்று கூப்பிட்டதில்லை, ‘சின்ன வனிதா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது.

இனிமேல்தான் உனக்குத் தெரியாத கதை. உன்னைக் கொண்டுபோய்விட்டு வந்த மறுநாள், காரியத்துக்குப் படம் போட வேண்டும் என்று மாமா உன் போனை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதன் நம்பர் அவருக்குத் தெரியவில்லை. பாப்பு பிறந்த தேதி, உங்கள் கல்யாணத் தேதி எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, முடியாமல் என்னிடம் நீட்டினார். நான் வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அவ்வளவுதான், பூட்டு திறந்துகொண்டது.

உன் போன் என்னை நீ என்று நினைத்துவிட்டதுக்கா. மாமா சுவரோரம் திரும்பி நின்று அழுதார். அம்மா மட்டும் அழவில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு என்னையே உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அன்றைக்கு எனக்கு அர்த்தம் புரியவில்லை.

போனில் உன் படம் நூற்றுக்கணக்கில் இருந்தது. ஆனால் எல்லாவற்றிலும் பாப்புதான் நடுவில், நீ ஓரத்தில் பாதி முகம் வெட்டுப்பட்டு. கல்யாண ஆல்பம்தான் மழையில் தளம் ஒழுகி நனைந்து என்றைக்கோ ஒட்டிப்போய்விட்டதே. நீ மட்டும் தெளிவாக இருந்தது ஒரே ஒரு படம். மாமா எடுத்தது போல. அடுப்படியில் நீலப் பூப்போட்ட நைட்டியோடு, தலையில் எண்ணெய் வழிய, கரண்டியை ஓங்கிக்கொண்டு ‘யோவ், எடுக்காதய்யா’ என்று சிரிக்கிறாய். நைட்டியோடு எப்படி மாலை போடுவது, வருகிறவர்கள் காறித் துப்ப மாட்டார்களா என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். சுமங்கலியாகப் போனவள், பட்டுப்புடவையில் இருக்க வேண்டாமா என்றாள் நம் அத்தை.

எதிர்த்த தெரு ஸ்டூடியோக்காரர்தான் வழி சொன்னார். முகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், பட்டுப்புடவை கட்டிய உடம்பு ஒன்று இருந்தால் ஒட்டிவிடலாம், இதெல்லாம் சகஜம் என்றார். யாருடைய உடம்பு? சித்தப்பா பையன் கல்யாணத்தில் அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு நான் எடுத்துக்கொண்ட படம் இருந்தது. அதைக் கொடுத்தோம். உன் முகம், என் கழுத்து, என் புடவை, என் கவரிங் நெக்லஸ். சிரிப்பு அதிகமாகத் தெரிகிறது, துக்க வீட்டுக்கு ஆகாது என்று அவரே உன் உதட்டையும் மூடிவிட்டார். தெத்துப்பல் போய்விட்டது. ‘ரெண்டு பேரும் சேம் டு சேம் ஸ்கின்னும்மா, எனக்கு வேலையே இல்ல’ என்று சந்தோஷப்பட்டார்.

படத்தைப் பார்த்து எல்லோரும் அசந்துபோனார்கள். மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள் என்றார்கள். நானும்தான் சொன்னேன். அந்த நேரத்தில் யாருக்கு யோசிக்கத் தோன்றும்?

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் கடை விட்டு தி.நகரிலிருந்து திருவான்மியூருக்கு பஸ் பிடித்து உன் வீட்டுக்குப் போனேன். பகலில் அம்மா அங்கேயே இருந்து பாப்புவைப் பார்த்துக்கொள்வாள். மாமா ஏசி ரிப்பேருக்கு அடையாறு, கொட்டிவாக்கம் என்று அலைந்துவிட்டு இருட்டியபிறகு வருவார். நான் போனதும் பாப்பு உன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். ‘சித்தி, மூஞ்ச காட்டு’ என்பாள். நான் காட்டுவேன். திறக்கும். அதில் நீ அவளுக்குச் சோறு ஊட்டும் வீடியோ, நீ பாடி அவள் ஆடும் வீடியோ எல்லாம் ஓடும். உன் முகம் எதிலும் தெரியாது, நீதானே எடுத்தது. உன் குரல் மட்டும் கேட்கும். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே அவள் என் முகத்தை அண்ணாந்து பார்ப்பாள்.

ஆடி மாதம் கழிந்ததும் அம்மா ஆரம்பித்தாள். எனக்குக் கல்யாண வயது தாண்டுகிறது, மாமாவுக்கும் வயது ஒன்றும் ஆகிவிடவில்லை. வெளியிலிருந்து ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தால் பாப்புவின் கதி என்ன? இதைத்தான் ராகம் போட்டுப் போட்டுச் சொன்னாள். நான் முடியாது என்றேன். சோறு தின்னாமல் கிடந்தாள். அப்புறம் ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, சண்டைக்கு வராமல் மெதுவாகச் சொன்னாள்.

“உனுக்கு இன்னாடி வந்துச்சு? அவ போனே உன்ன அவதான்னு ஒத்துக்கினுச்சு. சித்தின்னுதான கூப்புடப் போறா கொழந்த, இன்னா மாறிடப் போவுது? ஒருத்திய மண்ணுல குடுத்துட்டு நிக்கறேன். அவ பெத்தத யார் கையிலயோ குடுக்கச் சொல்றியா?”

அவள் பயம் பொய்யில்லை. உன்னைப் பெற்றவள் பயப்படாமல் வேறு யார் பயப்படுவார்கள்? என்னை உனக்குப் பதிலாக வைக்கிறாளே என்ற ஆத்திரமும் எனக்கு வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் வந்தது. ரெண்டையும் செய்யாமல் எழுந்து பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

படையலுக்குப் புதுப்புடவை வைத்து, பூஜை முடிந்ததும் வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்வது நம் பழக்கம்தானே. சுமங்கலியாகப் போனவள் வந்து அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டதாக அர்த்தம். மாமா அரக்கு நிறத்தில் வாங்கி வந்திருந்தார். சுவரில் மாட்டிய படத்தில் இருக்கும் அதே நிறம். என்னைத்தான் கட்டச் சொன்னார்கள். நான் கட்டிக்கொண்டு உள் அறையிலிருந்து வெளியே வந்தேன். கூடம் முழுக்க ஆள். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ‘சேம் டு சேம்’ என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

மாமா எழுந்து நின்றார். என்னைப் பார்த்து, “வனிதா” என்றார்.

நான் “ம்” என்றேன்.

இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? வாய் தவறி வந்த ம் இல்லைக்கா அது. என் வாழ்க்கையில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. கூட்டத்துக்கு நடுவே ஒரு ஆள் உயிரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பார்த்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. அதுவும் உனக்கு வந்ததுதான் என்று அடுத்த நொடியே உறைத்தது. உள்ளே போய்ப் புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு வெகுநேரம் குளியலறையில் உட்கார்ந்திருந்தேன். செத்தும் நீதானா என்று உன்னைத் திட்டினேன். கேட்டிருக்கும்.

ஆனாலும் ரெண்டு நாள் கழித்து அம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். போராடி அலுத்துப்போயிற்று. பாப்பு இருக்கிறாள், மாமா குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை, எனக்கும் ஒரு வீடு வேண்டும். தை பிறந்ததும் மருந்தீஸ்வரர் கோயிலில் தாலி கட்டிவிடலாம் என்று பேசினார்கள். அம்மா ஒரு வருஷத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். நானும் கடையில் எனக்கென்று ஒரு ஜாக்கெட் துணி எடுத்துவைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தலைகீழாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ‘மை ஃபேமிலி’ என்று சார்ட் செய்து எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா, அப்பா, பிள்ளை என்று படம் ஒட்ட வேண்டும். உன் வீட்டுத் தரையில் சார்ட்டை விரித்துக்கொண்டு நானும் பாப்புவும் உட்கார்ந்தோம். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். மாமா படுத்திருந்தார். மாமா படத்தை ஒட்டினோம். அவள் படத்தை ஒட்டினோம். அடுத்து அம்மா படம். சுவரில் இருக்கும் அந்தப் படத்தையே சின்னதாகப் போட்டுத் தரச் சொல்லி ஸ்டூடியோவில் வாங்கி வைத்திருந்தேன். அதை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் அதைப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். “இது நீதான சித்தி. அம்மா படம் குடு” என்றாள்.

இது அம்மாதான் செல்லம் என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். இது சித்தி அந்தக் கல்யாணத்துக்குக் கட்டிய புடவை, இது சித்தியின் நெக்லஸ் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினாள். அப்புறம் சுவரில் மாலையோடு மாட்டியிருந்த பெரிய படத்தையும் காட்டி, அதுவும் நீதான் என்றாள். அப்படியென்றால் தினமும் அதன் முன்னால் கை கூப்ப வைத்தோமே, அந்தக் குழந்தை இத்தனை நாளும் யாரைக் கும்பிட்டது?

அம்மா எப்படி இருப்பாங்க சொல்லு என்று கேட்டேன். யோசித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். “தெரியல” என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கடையில் செய்வதைத்தான் செய்தேன். மாலையைக் கழற்றிவிட்டு, சுவரிலிருந்து படத்தை இறக்கித் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். மாடி வராண்டாவில் காலை வெயில் சுள்ளென்று அடித்தது. படத்தை வெயிலில் சாய்த்துவைத்தேன். வீட்டுக்குள் டியூப் லைட்டில் ஒரு வருஷமாகத் தெரியாதது அங்கே பளிச்சென்று தெரிந்தது. உன் முகம் லேசாக மஞ்சளடித்தது, என் கழுத்து சிவப்படித்தது. ரெண்டுக்கும் நடுவில் முகவாய்க்குக் கீழே வளைவாக ஒரு கோடு ஓடியது.

“இங்க கோடு கீது சித்தி” என்றாள் பாப்பு. விரலை வைத்து அதன் மேலேயே இழுத்தாள்.

உள்ளே போய் உன் போனை எடுத்து வந்து முகத்தைக் காட்டித் திறந்தேன். அந்த நைட்டிப் படத்தைத் தேடி அவளிடம் நீட்டினேன். ஒரு சொல் நான் சொல்லவில்லை. அவள் போனை ரெண்டு கையாலும் பிடுங்கிக்கொண்டாள்.

“ஐ, அம்மா” என்றாள். அப்புறம் உன் வாயில் விரலை வைத்து, “அம்மா பல்லு” என்றாள்.

அழுதேன்க்கா. வெட்கம் பார்க்காமல் வராண்டாவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். எதிர் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அந்த நைட்டியோடுதானே நீ அவளைத் தூக்கினாய், குளிப்பாட்டினாய், மடியில் போட்டுத் தூங்கவைத்தாய். பட்டுப்புடவையில் உன்னை அவள் எத்தனை தடவை பார்த்திருப்பாள்? நாலு பேர் துப்புவார்கள் என்று பயந்து, குழந்தைக்குத் தெரிந்த ஒரே அம்மாவை நாங்கள் எல்லோரும் சேர்ந்து அழித்துவைத்திருந்தோம். மீதியிருந்ததை அழிக்க நான் தையில் தாலி வேறு கட்டிக்கொள்ள இருந்தேன்.

சத்தம் கேட்டு மாமா எழுந்து வந்தார். படம் வெயிலில் கிடப்பதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் வராண்டாச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நானே கேட்டேன்.

“மாமா, என்னப் பாத்தா உங்களுக்கு யாரு தெரியறா? உண்மையச் சொல்லுங்க.”

“மொதல்ல உன்னப் பாத்தா அவ ஞாபகம் வரும் ரேகா. ஆறுதலா இருந்துச்சு” என்றார். நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இப்பல்லாம் கண்ண மூடிக்கினு அவள நெனச்சாலும் உன் மொகம்தான் வருது. அவ மொகம் வர மாட்டேங்குது. யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்.”

அவரிடம் இன்னொன்றும் கேட்க நினைத்தேன். என்னை நானாகக் கொஞ்சமாவது பார்த்திருக்கிறாரா என்று. கேட்கவில்லை. ஆமாம் என்றாலும் எனக்கு வலிக்கும், இல்லை என்றாலும் வலிக்கும். நீ இருந்திருந்தால் சட்டென்று கேட்டுவிட்டுச் சிரித்திருப்பாய். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.

“அப்ப தை மாசம் வேணாம் மாமா. நாம ரெண்டு பேரும் சேந்தோம்னா அவ சுத்தமா போயிடுவா” என்றேன். அவர் பாப்புவைப் பார்த்தார். அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு உன் பல்லையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா தலையை ஆட்டினார். அவர் முகத்தில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது போல எனக்குப் பட்டது. அது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. மறைப்பானேன்.

சாயங்காலமே ஸ்டூடியோவுக்குப் போனேன். நைட்டிப் படத்தைப் பெரிதாகப் போட்டு ஃப்ரேம் செய்யச் சொன்னேன். ஸ்டூடியோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சாமி படத்துக்குப் பக்கத்தில் நைட்டியா, போன தடவை மாதிரியே சிமிலராக ஒரு புடவை போட்டுத் தருகிறேன், கரண்டியையாவது எடுத்துவிடுகிறேன் என்று என்னென்னவோ சொன்னார்.

“சிமிலர் வேணாம்ண்ணே. சேம் வேணும். ஒண்ணத்தயும் தொடாதீங்க” என்றேன்.

இப்போது உன் வீட்டுச் சுவரில் நீ நைட்டியோடு கரண்டியை ஓங்கிக்கொண்டு நிற்கிறாய். மாலை போட்டிருக்கிறோம். அத்தை வந்து பார்த்துவிட்டு, குடும்ப மானமே போய்விட்டது என்று காப்பிகூடக் குடிக்காமல் போனாள். பாப்புவின் சார்ட்டிலும் நீ அப்படித்தான் இருக்கிறாய். மிஸ் ஒன்றும் சொல்லவில்லை, ஸ்டார் ஒட்டி அனுப்பியிருந்தார். உன் போனில் இருந்த வீடியோக்களை எல்லாம் மாமா போனுக்கு மாற்றிவிட்டேன். இனிமேல் உன்னைக் கேட்பதற்கு அவள் என் முகத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

அம்மா என்னோடு பேசுவதில்லை. நான் வைத்த குழம்பைச் சாப்பிடுகிறாள், தட்டை நங்கென்று வைக்கிறாள். நேற்று மட்டும் உன் புதுப் படத்தின் முன்னால் நின்று, இப்படியேதாண்டி நிப்பா, எண்ணெ வழிய என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. அவள் கோபம் போகுமா? தெரியவில்லை. பாப்புவின் கதி என்ன என்று கேட்டாளே, அதற்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. மாமா நாளைக்கே வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தால்? அவள் நல்லவளாக இல்லாவிட்டால்? நான் செய்தது சரிதானா? படுத்தால் இதுதான் ஓடுகிறது. நீ ஏதாவது சொல்லேன்.

நீ சொல்ல மாட்டாய். அதனால் நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். தினமும் சாயங்காலம் திருவான்மியூர் பஸ்ஸில் நான் வந்துகொண்டுதான் இருப்பேன். யார் அந்த வீட்டுக்கு வந்தாலும், வராவிட்டாலும் வருவேன். முட்டை வேகவைத்துக் கொடுப்பேன். பாப்பு வளர வளர உன் முகம் அவளுக்கு வரும், இப்போதே நெற்றி வந்துவிட்டது. அப்போது ஊர் அவளையும் சேம் டு சேம் என்று சொல்லும். அன்றைக்கு அவளையும் உன் படத்தையும் வாசலுக்குக் கூட்டி வந்து வெயிலில் நிறுத்துவேன். இது உங்க அம்மா, இது நீ, ரெண்டும் வேற என்று காட்டுவேன். யார் மறந்தாலும் உன் தெத்துப்பல்லை அவள் மறக்கவிட மாட்டேன். இது சத்தியம்.

இனிமேல் உன் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் ‘ம்’ சொல்லாத

உன் தங்கச்சி,
உன் பாப்புவுக்குச் சித்தி மட்டும்,
ரேகா